குறைத்துக் குறைத்து வளர்க்கும் தோட்டம்

கியோட்டோ நகரத்தின் பழைய வணிகத் தெருக்களில் நிற்கும் வீடுகள் தெருவை நோக்கிய முகப்பில் மிகக் குறுகியும், உள்ளே செல்லச் செல்ல வெகுதூரம் நீண்டும் அமைந்தவை. விலாங்கு மீனின் படுக்கை என்று அவ்வூரார் அவற்றுக்குப் பெயரிட்டிருக்கின்றனர். இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர்கள் நெருங்கி நிற்க, ஜன்னல் வைக்க வழியில்லாத அந்த நீண்ட வீட்டின் நடுவறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் வரவேண்டுமானால் வானம் பார்த்த சிறு முற்றம் ஒன்று வேண்டும் என்பதை உணர்ந்த வீட்டுக்காரர்கள், விட்டே தீரவேண்டிய அந்த வெற்றிடத்தை ஒரு கல் விளக்கு, ஒரு நீர்த்தொட்டி, நிழலில் வாழும் சில பெரணிகள், தரையில் படர்ந்த பாசி ஆகியவற்றைக் கொண்டு அலங்கரித்து, ‘த்சுபோநிவா’ என்னும் சிறு தோட்டமாக்கிக்கொண்டனர். கோடை நாளின் மாலையில் அங்கே நீர் தெளித்தால், குளிர்ந்த முற்றத்திலிருந்து வெம்மை மிகுந்த தெருப்பக்கத்தை நோக்கிக் காற்று மெல்ல நகர்ந்து வீட்டின் உஷ்ணத்தைத் தணிக்கும். அவசியத்தில் பிறந்து சௌந்தரியமாக முதிர்ந்த கலை அது.

ஜப்பானியத் தோட்டம் என்றவுடன் செந்நிறப் பாலமும், வண்ண மீன்கள் உலவும் பெருங்குளமும், வரிசை வரிசையான கல் விளக்குகளும் மனக்கண்முன் தோன்ற, இது பிரபுக்களுக்கும் கோயில்களுக்கும் உரிய ஆடம்பரம் என்று எண்ணி விலகிவிடுவோர் பலர். வேறு சிலரோ, அப்பொருள்களை எல்லாம் ஒருசேர வாங்கி வந்து வீட்டுப் புறத்தில் குவித்துவிட்டு, எதிர்பார்த்த சாந்தம் அங்கே ஏன் குடிபுகவில்லை என்று வியக்கின்றனர். இவ்விரு சாராரும் கவனிக்கத் தவறும் தத்துவம் ஒன்றுண்டு. இத்தோட்டம் சேர்ப்பதால் அமைவது அன்று, நீக்குவதால் அமைவது. அமைக்கும்போது எதையெல்லாம் வேண்டாமென்று விடுகிறோம், அமைத்தபின் நாள்தோறும் எதையெல்லாம் அகற்றுகிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்குள் இக்கலை முழுவதும் அடங்கிவிடுகிறது.

மேருவும் கல்லின் விருப்பமும்

கி.பி. 612இல், பேரரசி சுய்கோவின் அரண்மனைத் தெற்கு முற்றத்தில், கொரியாவின் பெக்சே நாட்டிலிருந்து வந்த ஒருவர் சுமேரு மலையின் உருவத்தை அமைத்துக் கொடுத்தார் என்று ஜப்பானின் பழைய சரித்திர நூலாகிய ‘நிஹோன் ஷோகி’ கூறுகிறது. உலகத்தின் நடுவே நிற்பதாக நம் புராணங்கள் வருணிக்கும் அதே மேரு, பௌத்தத்தோடு சீனமும் கொரியாவும் கடந்து சென்று, ஜப்பானியத் தோட்டத்தில் கல்லாக ஊன்றிக்கொண்டது. ஒரு மலையை முற்றத்துக்குள் கொண்டுவரலாம், அதற்கு மலையளவு இடம் வேண்டியதில்லை என்ற துணிவு அத்தோட்டக்கலையின் தொடக்கத்திலேயே இருந்தது என்பதற்கு இது சான்று.

இக்கலையின் நியமங்களைத் தொகுத்துரைக்கும் மிகப் பழைய நூல், 11ஆம் நூற்றாண்டில் தோன்றிய ‘சகுதெய்கி’. தாச்சிபானா நோ தொஷித்சுனா என்பவர் இயற்றியதாகக் கருதப்படும் இந்நூல், தோட்டம் அமைப்பவர் இயற்கைக் காட்சிகளை நினைவிற்கொள்ள வேண்டும், முன்னோரின் சிறந்த தோட்டங்களைக் கற்க வேண்டும், வீட்டுக்காரரின் கருத்தையும் மதிக்க வேண்டும் என்று தொடங்குகிறது. முதலில் ஊன்றிய கல் எதை வேண்டுகிறதோ அதற்கு இணங்கியே அடுத்த கல்லை ஊன்றவேண்டும் என்பது அதன் பிரசித்தமான விதி. இயற்கையில் படுத்துக் கிடந்த கல்லை நிமிர்த்தி நிறுத்துவது தீங்கு விளைக்கும் என்றும் அது எச்சரிக்கிறது. அந்தத் தீங்கில் இன்றைய வாசகருக்கு நம்பிக்கை இல்லாது போகலாம். ஆயினும், நூற்றாண்டுகளாக ஒரு பக்கத்தில் மழையும் வெயிலும் பட்டு நிறம் மாறிய கல்லைத் தலைகீழாக்கி நட்டால், அது எத்தனை காலமானாலும் அவ்விடத்துக்கு உரியதாகத் தோன்றாது என்பதைக் கண்ணுள்ளவர் எவரும் ஒப்புக்கொள்வர்.

அமரும் இடமே ஆரம்பம்

வீட்டுத் தோட்டத்தை அமைக்க விரும்புபவர் முதலில் தோட்டத்துக்குள் நிற்பதை விட்டு வீட்டுக்குள் சென்று அமரவேண்டும். த்சுபோநிவா பெரும்பாலும் நடந்து திரிவதற்கன்று. அறையிலிருந்தோ, ‘எங்காவா’ என்னும் மரத்திண்ணையிலிருந்தோ அமர்ந்து பார்ப்பதற்கு. நாள்தோறும் எந்த இடத்தில் அமர்வோமோ, அங்கிருந்து தரைமட்டத்துப் பார்வைக்கு எது தெரிகிறது, எது தெரியலாகாது என்று தீர்மானிப்பதே முதல் வேலை. ரியோவான்ஜிக் கோயிலில், ஏறத்தாழ 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட வெண்சரளைப் பரப்பில் ஐந்து தொகுதிகளாக 15 கற்கள் இருக்கின்றன. திண்ணையில் எந்த இடத்தில் அமர்ந்தாலும் ஏதேனும் ஒரு கல்லாவது மற்றொன்றின் பின்னே மறைந்துவிடுகிறது. முழுவதையும் ஒரே பார்வையில் கொடுத்துவிடாமல் சிறிது மறைத்து வைப்பதால், சிறிய இடமும் சித்தத்தில் விரிவடைகிறது.

மறைப்பதற்கு நேர்மாறான உபாயமும் ஒன்றுண்டு. கியோட்டோவின் வடக்கேயுள்ள என்த்சுஜிக் கோயிலில், வெட்டிச் சமன்செய்த உயிர்வேலிக்கு மேலே தொலைவிலுள்ள ஹியெய் மலை தோட்டத்தின் ஓர் அங்கமாகவே எழுகிறது. தமக்குச் சொந்தமல்லாத மலையைத் தோட்டத்துக்குள் அழைத்துக்கொள்ளும் இம்முறையைக் காட்சியை இரவல் வாங்குதல் என்பர். மலை எல்லார் வீட்டுக்கும் வாய்ப்பதில்லை. ஆனால், அண்டை வீட்டாரின் முதுமரம் ஒன்று சுவருக்கு மேல் தலை காட்டுமாயின், தம் செடிகளைத் தாழ்வாக வைத்து அதையும் தம் தோட்டத்தில் சேர்த்துக்கொள்ள யாருக்கும் தடையில்லை.

அதன்பின் கல். ஒரே வகையைச் சேர்ந்த, ஒரே நிறச்சாயலுள்ள கற்களே வேண்டும். வெவ்வேறு ஊர்க் கற்களை ஓரிடத்தில் கலந்தால் அவை தம்முள் இணங்குவதில்லை. மூன்று, ஐந்து, ஏழு என்னும் ஒற்றைப்படை எண்ணிக்கையில், உயர்ந்த கல் ஒன்று நடுவே நிற்க, தாழ்ந்தவை இருபுறமும் துணையாக அமைவது வழக்கம்; பௌத்த ஆலயங்களின் மும்மூர்த்தி அமைப்பைப் பின்பற்றிய முறை இது. கல்லின் அடியை மண்ணில் நன்றாகப் புதைத்தால்தான், பூமிக்கடியில் கிடக்கும் ஒரு பெரும்பாறையின் நுனி மட்டும் வெளியே தெரிகிறது என்ற எண்ணம் பார்ப்பவருக்கு உண்டாகும். விலை கொடுத்து வாங்கிய கல்லின் ஒரு பகுதியை மண்ணுக்குள் மறைக்க மனம் வராதவர், அதைத் தரைமேல் வைத்துவிட்டுப் பிறகு வருந்துவர்.

விலையுயர்ந்த கல்தான் வேண்டும் என்பதும் இல்லை. தோட்டக் கலைஞர் ஷிகெமோரி மிரெய் 1939இல் தோஃபுகுஜிக் கோயிலின் தலைமைக் குருவினது இல்லத்தைச் சூழ்ந்து அமைத்த தோட்டத்தில், அங்கே ஏற்கனவே கிடந்த சதுரத் தளக்கற்களை எடுத்துப் பாசியோடு மாறிமாறிப் பதித்துச் சதுரங்கக் கட்டம்போல் ஆக்கினார். பழைய கட்டடம் ஒன்றின் அஸ்திவாரத் தூண்கற்கள் ஏழை நிறுத்தி, வானத்துச் சப்தரிஷி மண்டலத்தைத் தரையில் காட்டினார். எதையும் வீணாக்கலாகாது என்ற ஜென் சம்பிரதாயத்தின் கட்டளையே அங்கே புதுமைக்கு வழி திறந்தது. வீட்டுப் பழுதுபார்ப்பில் மிஞ்சிய தளக்கற்களை வைத்திருப்பவர்கள் இதை நினைவிற்கொள்வது நலம்.

நீரும் நீரின் பாவனையும்

குளம் வெட்டினால் நீர் கசிவதைத் தடுக்கவேண்டும், சுத்திகரிக்க வேண்டும், மீன்களைக் காக்கவேண்டும். சிறிய வீட்டுக்கு அந்தப் பிரயாசை மிகை. உலர்நிலத் தோட்டம் இதற்குக் கண்ட வழி, சரளைக் கற்பரப்பையே ஜலமாகப் பாவிப்பது. நன்றாக இறுக்கிய மண்ணின்மேல் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சரளையைப் பரப்பி, ஓரங்களைக் கல்லாலோ ஓட்டாலோ வரம்பிட்டு, அகன்ற பற்களுள்ள மர வாரியால் கோடுகள் இழுக்க, கற்களைச் சுற்றி அலைகள் எழுகின்றன. கடும் வெயில் அடிக்கும் தேசத்தில் தூய வெண்சரளை ஒளியை அறைக்குள் எறிந்து கண்ணைக் கூசச்செய்யுமாதலால், சாம்பல் நிறச் சரளையே பொருத்தமானது.

உண்மையான நீர் வேண்டுமெனில், தேநீர்ச் சடங்கு தந்த ‘த்சுகுபாய்’ போதும். தேநீர்க் குடிலுக்குள் நுழையுமுன் விருந்தினர் தாழக் குனிந்து கையும் வாயும் கழுவிக்கொள்வதற்கு வைக்கும் தாழ்ந்த கல் தொட்டி அது. முன்னே நிற்பதற்கு ஒரு தட்டைக் கல், ஒரு பக்கம் இரவில் கைவிளக்கு வைக்க ஒரு கல், மறுபக்கம் குளிர்காலத்தில் வெந்நீர்ப் பாத்திரம் வைக்க ஒரு கல், நடுவே வழிந்த நீரை உறிஞ்சக் கூழாங்கல் நிரப்பிய பள்ளம் என்று அதன் ஒவ்வோர் அங்கத்துக்கும் ஒரு காரியம் உண்டு. தொட்டிக்கு இட்டுச்செல்லும் நடைகற்களை நடப்பதற்கு ஆறு பங்கும் அழகுக்கு நாலு பங்குமாக இடவேண்டும் என்பது தேநீர்க் கலையின் பேராசான் சென் நோ ரிக்கியுவின் கொள்கை என்பர். கொசுவுக்கு இடமளிக்காமல் தொட்டி நீரைத் தினமும் மாற்றுவது உபசாரத்துக்கும் சுகாதாரத்துக்கும் ஒருங்கே ஏற்றது.

நாள்தோறும் ஒரு நீக்கம்

அமைத்தல் சில வாரங்களில் முடிந்துவிடும், பராமரிப்புக்கு முடிவில்லை. அதில் ஏறத்தாழ ஒவ்வொரு வேலையும் அகற்றும் வேலையாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். பைன் மரத்தில் வசந்தத்தில் மெழுகுவத்திபோல் எழும் இளந்தளிர்களை விரலால் கிள்ளி எடுப்பர். இலையுதிர்காலத்தின் முடிவில் பழைய ஊசியிலைகளைக் கையாலேயே உருவிக் களைவர். இதனால் வெளிச்சம் உட்கிளைகளை எட்டி, அங்குள்ள மொட்டுகள் உயிரோடிருக்க, மரம் தன் உருவத்தை இழக்காமல் முதுமையின் கம்பீரத்தைப் பெறுகிறது. கத்தரிக்கோலால் ஊசியிலைகளை நறுக்கினால் நுனிகள் கருகிப்போகும். அஸேலியாப் புதர்களை மலர்ந்து முடிந்த உடனேயே வெட்டித் திரட்டவேண்டும். கோடையிலேயே அடுத்த ஆண்டின் மொட்டுகள் உருவாகிவிடுவதால், தாமதித்து வெட்டுபவர் வருகிற வசந்தத்தையே வெட்டி எறிகிறார்.

பாசியின் நியமம் இன்னும் சூட்சுமமானது. மெய்யான வேர் இல்லாமையால் அது தன் உடல் முழுவதாலும் ஈரத்தைப் பருகுகிறது; எரு வேண்டுவதில்லை. நீரைக் காலையிலோ மாலையிலோ தூறலாகத் தெளிக்க வேண்டும்; உச்சி வெயிலில் தெளித்தால் வெந்துவிடும், தேங்கவிட்டால் அழுகும். உதிர்ந்த இலைகள் மேலே மூடிக் கிடந்தால் வெளிச்சமிழந்து இறந்துவிடுமாதலால் மெல்லிய துடைப்பத்தால் பெருக்குவதும், களைகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்குவதும் தவிர்க்க முடியாதவை. 1339இல் ஜென் துறவி முசோ சொசெகி புதுப்பித்த சைஹோஜிக் கோயிலில் இன்று 120 வகைப் பாசிகள் இருப்பதாகச் சொல்வர். ஆனால் அவர் திட்டத்தில் பாசி இல்லை. பிற்காலத்தில், ஈரமும் நிழலும் சேர்ந்த அவ்விடத்தில் அது தானே வந்து படர்ந்தது. ஆகவே, பாசி வாழாத நிலத்தில் அதை வற்புறுத்திக் குடியேற்றுவதைவிட, அந்த நிலமே விரும்பி வளர்க்கும் தாழ்ந்த பசுமை எதுவோ அதை ஏற்பதே இம்மரபுக்கு விசுவாசமாக இருப்பதாகும்.

சரளைப் பரப்பிலும் இலைகளை உடனுக்குடன் எடுக்கவேண்டும். இடுக்குகளில் மக்கி மண்ணானால் களைகளுக்கு அதுவே விளைநிலமாகிவிடும். மழைக்குப்பின் கோடுகளை மீண்டும் இழுக்கவேண்டும். கருஞ்சாயமிட்ட பனைநார்க் கயிற்றால் முடிச்சிட்ட மூங்கில் வேலி பசுமை மங்கிச் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அப்போது தயங்காமல் புதிதாகக் கட்டவேண்டும்.

அகற்றுவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒகாகுரா ககுசோ 1906இல் வெளியிட்ட தம் தேநீர் நூலில் ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறார். மகன் தோட்டப் பாதையைத் திரும்பத் திரும்பப் பெருக்கியும் கழுவியும் ஓர் இலையின்றித் துலக்கி வைத்திருக்க, ரிக்கியு அதைக் கடிந்துகொண்டு, ஒரு மரத்தை உலுக்கிச் செம்மையும் பொன்னுமான இலைகள் சிலவற்றைத் தரையில் உதிர்த்தாராம். மனிதக் கையின் சிரத்தை அத்தனையும் செய்து முடிந்தபின், இயற்கைக்கு உரிய பங்கை அதற்கே விட்டுவிடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் உபதேசம்.

ஆதலால், வீட்டில் இத்தகைய தோட்டம் ஒன்றை விரும்பும் அன்பர்களுக்கு நான் மனமாரக் கூறுவது இதுதான். கல் விளக்கின் விலையை விசாரிப்பதற்கு முன்னால், நாள்தோறும் அரைமணி நேரத்தை அதற்கென ஒதுக்க முடியுமா என்று உங்களையே விசாரித்துக்கொள்ளுங்கள். முடியுமெனில், ஒரு நல்ல கல்லையும் ஒரு செடியையும் வைத்துத் தொடங்கி, ஓராண்டின் பருவங்கள் அனைத்திலும் அமர்ந்து பார்த்து, இன்னும் ஒன்று வேண்டும் என்று அந்த இடமே கேட்கும்வரையில் வேறொன்றையும் சேர்க்காதிருங்கள். அப்படிச் சேர்ப்பவை மிகச் சிலவாகவே இருக்கும். அச்சிலவற்றைப் பேணும் பொறுமைதான் அந்தத் தோட்டத்துக்கு நீங்கள் தரவேண்டிய முழு விலை.