ஓகஸ்டில் தொடங்கும் இலையுதிர்காலம்

தேத்தண்ணியைக் குடியுங்கள், சொல்கிறேன். ஸ்காபரோவில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் செப்டெம்பர் கடைசியில்தான் குளிர் வந்துவிட்டதே என்று பதறுகிறார்கள். குளிர் பிந்தித்தான் வருகிறது. முதலில் குறைவது வெளிச்சம். ரொறன்ரோவில் ஜூன் 21ஐ ஒட்டிப் பகல் ஏறக்குறைய 15½ மணி நேரம். செப்டெம்பர் கடைசியில் 12. நவம்பர் நடுப்பகுதிக்குள் 10க்கும் கீழே போய்விடும். அதற்குப் பிறகு கேலும் ஸ்பினாச்சும் உயிரோடு நிற்கும், ஆனால் வளர்ச்சி அநேகமாக நின்றுவிடும். ஆகவே குளிரில் பறிக்க வேண்டிய கீரையை, வெயில் சுடும் ஓகஸ்டிலேயே விதைத்தாக வேண்டும். விதைப் பையில் 45 நாள் என்று போட்டிருந்தால் இரண்டு கிழமை கூட்டிக்கொள்ளுங்கள். பகல் குறுகக் குறுகப் பயிர் மெதுவாகும். முள்ளங்கிக்கு மட்டும் அவசரமில்லை, ஒரு மாதத்தில் வந்துவிடும்.

தக்காளிதான் எல்லாருக்கும் கவலை. அதன் சிவப்பு நிறம் 20 முதல் 25 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் நன்றாக ஏறும். இரவுகள் 10 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டால் செடியில் விட்டுவைப்பதில் பயனில்லை. ஓகஸ்ட் கடைசியிலேயே நுனியைக் கிள்ளிவிடுங்கள். இனிப் பூக்கும் பூ காயாகி முற்ற நாள் போதாது, இருக்கிற காய்களாவது தேறட்டும். உறைபனிக்கு முதல்நாள், முற்றிய பச்சைக் காய்களைப் பறித்து ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு பெட்டியில் மூடிவையுங்கள். பழத்திலிருந்து வரும் எதிலீன் வாயு அவற்றையும் பழுக்கவைக்கும். பிஞ்சுகள் பழுக்காது, கறிக்கு ஆகும்.

கேலைத் தொடாதீர்கள். குளிர் பட்டதும் அது தன்னிலுள்ள மாப்பொருளைச் சீனியாக மாற்றுகிறது. சீனி கரைந்த நீர் இலகுவில் உறையாது. செடி தன்னைக் காக்கச் செய்கிற அந்த வேலைதான் நமக்கு ருசி. உறைபனி கண்ட கேலில் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்து பாருங்கள், ஜூலைக் கேலின் கசப்பு அதில் இராது.

கறிவேப்பிலைச் சாடியை செப்டெம்பர் நடுவிலேயே உள்ளே எடுங்கள். எடுக்குமுன் இலையின் அடிப்பக்கத்தையும் தண்டையும் சவர்க்காரத் தண்ணீரால் துடையுங்கள், செதிள் பூச்சி அங்கேதான் ஒட்டியிருக்கும். மாரியில் இலை கொட்டினால் பயந்து தண்ணீரை ஊற்றாதீர்கள். குளிரை விட, ஈரத்தில் வேர் அழுகிச் சாகும் கன்றுகள்தான் அதிகம்.

மற்றப் பாத்திகள் ஓயும்போது உள்ளி நடலாம். ஒக்டோபர் நடுவில், கூர்முனை மேலே நிற்க, 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு பல்லாக ஊன்றி, உதிர்ந்த மேப்பிள் இலையால் மூடுங்கள். பல் பல்லாகப் பிரிய உள்ளிக்கு அந்தக் குளிர் வேண்டும். ஜூலையில் கிண்டலாம்.