பைரவி பழகிய செவிக்கு ஒரு ஸொனாட்டா

அரியலூரை அடுத்த திருக்குன்றத்திற் பிறந்து, தஞ்சையில் பச்சிமிரியம் ஆதியப்பையரிடம் சிக்ஷை பெற்று, பொப்பிலி கேசவையாவிடமிருந்து கனமார்க்கத்தைக் கிரகித்து, பின்னர் உடையார்பாளையம் ஜமீனின் ஆதரவில் வாழ்ந்த கனம் கிருஷ்ணையரும், வியன்னா நகரில் 1797இல் பிறந்து அறுநூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை இயற்றி 1828இல் மறைந்த ஷூபர்ட்டும் சமகாலத்தவர்கள். ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரையும் சேர்த்து நினைப்பதற்குக் காலம் மட்டுமே காரணமன்று. கிருஷ்ணையரின் பதத்தை உணர்ந்து கேட்கப் பழகியவருக்கு ஷூபர்ட்டின் கடைசிப் பியானோ ஸொனாட்டா அந்நியமாக இராது என்பது என் உறுதியான எண்ணம்.

நாபியிலிருந்து எழும் கம்பீரமான நாதத்தால் தானத்தை விஸ்தரிப்பது கனமார்க்கம். அத்தகைய தேகபலம் வேண்டும் பாட்டில் தேர்ந்தவர், விளம்பகாலத்தில் மெல்ல அசையும் பதங்களையும் செய்தார் என்பது வியப்புக்குரியது. பதத்தில் ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவி திரும்புகிறது. மெட்டு மாறுவதில்லை, ஆயினும் நாயகியின் ஏக்கத்தைச் சரணம் விரித்துச் சொன்ன பிறகு, அதே பல்லவி நம் செவியில் வேறொரு பொருளோடு வந்து விழுகிறது.

ஸொனாட்டாவில் சாஹித்யம் இல்லை. திரும்பி வரும் மெட்டுக்குப் புதுப்பொருள் தர, அது ஆதார சுருதியையே இடம் பெயர்க்கிறது. ஒரு மெட்டு ஒரு ஷட்ஜத்தில் தொடங்கும். மற்றொன்று வேறொரு ஷட்ஜத்தில் எழும். இரண்டும் பல சுருதிகளில் அலைந்து சிதைந்து, முடிவில் முதல் ஷட்ஜத்துக்கே வந்து அமையும். தம்பூரா மாறாது ஒலிக்கும் நம் சங்கீதத்தில் இதற்கு நேரான வழக்கம் இல்லை. கிரகபேதம் ஒன்றே சற்று நெருங்கி வரும்.

மரணத்துக்கு இரண்டு மாதம் முன்னர், 1828 செப்டம்பரில், ஷூபர்ட் முடித்த பி-பிளாட் மேஜர் ஸொனாட்டாவின் முதற்பகுதி, நம் சங்கராபரணத்தை ஒத்த ஸ்வரங்களில், பிரார்த்தனை போன்ற அமைதியான மெட்டோடு தொடங்குகிறது. முதல் வாக்கியம் முடியும் இடத்தில், பியானோவின் ஆழ்ந்த மந்த்ரத்திலிருந்து, அந்த மேளத்துக்கு உரியதல்லாத சுத்த தைவதம், கேட்டும் கேளாததுமாக அதிர்ந்து அடங்குகிறது, பின்பு மௌனம். பைரவியில் ஏறும்போது சதுஸ்ருதி தைவதமும் இறங்கும்போது சுத்த தைவதமும் உறவினராய் உறைவதை, 'வேலவரே' என்னும் கிருஷ்ணையரின் பதத்தில் நாம் அனுபவித்திருக்கிறோம். ஷூபர்ட்டிடம் அந்தச் சுத்த தைவதம் வெளியிலிருந்து வந்த விருந்தாளி. ஆனால் அது வந்தபடியே போய்விடுவதில்லை. சிறிது நேரத்தில் அதுவே ஷட்ஜமாகி, தொடக்க மெட்டு அதன்மேல் ஏறி ஒலிக்கிறது. அதையே ஆதாரமாகக் கொண்டு, இம்முறை சோகச் சாயலோடு, இரண்டாம் மெட்டும் பிறக்கிறது. ஓர் அபஸ்வரம் என்று தோன்றியதிலிருந்து ஒரு பெரும் கட்டடமே வளர்கிறது! ரொமாண்டிக் காலத்துக் கலைஞர்கள் உணர்ச்சியை உருவத்தினின்று பிரிக்காமல் ஆண்டது இவ்விதமே.

அடுத்த பகுதி தொலைவான சுருதியில் துயருறுகிறது; மூன்றாவது துள்ளுகிறது; நான்காவது அமர்த்தலாக விளையாடுகிறது. அவற்றைப்பற்றி இங்கே விரிக்க இடமில்லை.

முதற்பகுதியின் முன்பாதியை இருமுறை வாசிக்க வேண்டும் என்பது ஷூபர்ட்டின் குறிப்பு. நேரம் கருதி அதை விட்டுவிடும் கலைஞர் பலர் உண்டு. அது பெரும் இழப்பென்பேன். ஏனெனில் அந்த மந்த்ர அதிர்வு உரத்து முழங்கும் ஒரே இடம், முன்பாதி முடிந்து மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பும் அந்தச் சில அளவுகளில்தான் இருக்கிறது. ருஷ்யக் கலைஞர் ரிக்டர் அதை விடாமல், இப்பகுதி ஒன்றையே ஏறத்தாழ 24 நிமிஷம், வீணை தனம்மாளின் பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் பதம் பாடிய அதே அவசரமின்மையோடு வாசித்திருக்கிறார். புதிதாகக் கேட்பவர் அவரிடமிருந்தே தொடங்கலாம்.