மெக்சிகோ போனால் குணமாகுமா?

ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல ஆரம்பித்து விடுவார்கள். முள் சீத்தா இலை, கோதுமைப்புல் சாறு என்று சொல்வது பழைய கதை. இப்போது, "வெளிநாட்டுல ஒரு கிளினிக் இருக்கு, கத்தியே வைக்க மாட்டாங்க, மூணே வாரத்துல குணம்" என்கிறார்கள்.

போன வருஷம் எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. என் பெரிய நாத்தனாருக்கு மார்பில் கட்டி. ஆரம்பக் கட்டம்தான் என்று சொல்லி, டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்துவிட்டார். அதற்குள் உறவுக்காரர் ஒருவர் மெக்சிகோவில் ஒரு கிளினிக் பற்றிச் சொல்ல, "கூடுவாஞ்சேரி மனையை வித்துடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். "முடி கொட்டாதுன்னா அங்கேயே போயிடறேனே" என்று அண்ணி கண் கலங்கினார். அந்த பயம் எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடியதுதான். ஆனால் அங்கே போனவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்க வேண்டாமா? பிளஸ் டூ படிக்கும் என் பெண்ணும் நானும் உட்கார்ந்து தேடிப் படித்தோம்.

ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன், நுரையீரல் உறையில் வந்த புற்றுநோய்க்காக 1980-ல் மெக்சிகோ போனார். அவருக்கு வைத்தியம் வகுத்தவர் ஒரு பல் டாக்டர்! உடம்பு தேறுகிறது என்று அக்டோபரில் அறிவித்தார்கள். நவம்பர் 7-ம் தேதி, 50 வயதில் இறந்துபோனார். மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா, சினைப்பை புற்றுநோய் முற்றிய நிலையில் 2006 ஜனவரியில் அங்கே ஒரு கிளினிக்கில் சேர்ந்தார். சில நாட்களிலேயே காலமானார். பிறகு மெக்சிகோ அரசு அந்த கிளினிக்கை மூடிவிட்டது.

மெக்வீனுக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று லேட்ரில். ஆப்ரிகாட் பழக் கொட்டையில் உள்ள சத்திலிருந்து தயாரிப்பது. உடம்புக்குள் போனால் சயனைடு விஷமாக மாறக்கூடியது. அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து, பலனில்லை என்று 1982-ல் எழுதிவிட்டார்கள்.

"நோய் முத்தினவங்க, வேற வழியில்லாம போனாங்க" என்று சிலர் சொல்லலாம். சரி, ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்கள்? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக டாக்டர்கள் அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். உடம்பின் வேறு பாகங்களுக்குப் பரவாத மார்பகப் புற்றுநோயில், முறையான சிகிச்சை எடுத்தவர்கள் நூற்றுக்கு 87 பேர் ஐந்து வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். மாற்று வைத்தியம் மட்டும் செய்தவர்களில் 58 பேர்தான். இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஆபரேஷன் தேதி என்னைக்கு?" என்று அவரே கேட்டார்.

நம் பக்கத்திலேயே என்ன இல்லை? தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் சாந்தா 2021-ல் மறையும்வரை அங்கேயே உழைத்தார். தாம்பரத்தில் ரயிலேறி கிண்டியில் இறங்கினால் பஸ்ஸில் போய்விடலாம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துச் சகோதரிகளுக்கு காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் உண்டு.

நாட்டு வைத்தியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் தாம்பரம் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவமனை இருக்கிறது. பசியின்மை, அசதிக்கு அங்கே போக நினைத்தால், புற்றுநோய் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஒருவர் கொடுக்கும் மருந்து மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை விட்டு இதற்குப் போவதுதான் ஆபத்து.

யாராவது வெளிநாட்டு கிளினிக் என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பார்த்தார்களா? அங்கே சிகிச்சை எடுத்தவர்களில் ஐந்து வருஷம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள், அது எந்த மருத்துவ இதழில் வந்தது? என்னென்ன மருந்து என்று எழுதிக் கொடுப்பார்களா, நம் டாக்டரிடம் காட்ட? பதில் வராவிட்டால் நகைப் பெட்டியைத் திறக்காதீர்கள்.

அண்ணிக்கு ஆபரேஷனும் கீமோவும் முடிந்தது. கொட்டிய முடி இப்போது சுருள் சுருளாக வளர்கிறது. "கல்யாணத்துக்கு முன்னாடிகூட இப்படி இருந்ததில்லை" என்று கண்ணாடி பார்த்துச் சிரிக்கிறார். கூடுவாஞ்சேரி மனையும் அப்படியே இருக்கிறது.

– ஒரு வாசகி, சேலையூர்