பிரெட் சாப்பிட்டும் பசிக்கிறதே... இனிப்புதான் காரணமா?

காலை நேர அவசரம். நாலு துண்டு பிரெட், மேலே கொஞ்சம் ஜாம், ஒரு டம்ளர் காபி... டிபன் முடிந்தது! ஆனால் பதினோரு மணிக்கெல்லாம் வயிறு கபகபவென்று எரிகிறது. ‘பிரெட்ல சர்க்கரை போட்டிருக்கான், அதான் வயித்துல நிக்க மாட்டேங்குது. இனிமே சால்ட் பிரெட்தான்’ என்று வீட்டில் தீர்ப்பும் சொல்லிவிடுவோம். இது சரிதானா?

மாவில் சர்க்கரை எதற்கு?

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை வெளியிடும். அதனால்தான் மாவு உப்புகிறது. மேல்பகுதி பொன்னிறமாகச் சிவக்கவும், பிரெட் காய்ந்து போகாமல் மெத்தென்று இருக்கவும் சர்க்கரை உதவுகிறது. அதனால் சால்ட் பிரெட்டிலும் கொஞ்சம் சர்க்கரை இருப்பது சகஜம்.

சர்க்கரையா, மைதாவா?

25 கிராம் எடையுள்ள ஒரு துண்டு வெள்ளை பிரெட்டில் மாவுச்சத்து மட்டுமே ஏறக்குறைய 12 கிராம். சாதாரண பிரெட்டில் சர்க்கரையின் பங்கு இதில் மிகவும் சிறியது.

எந்த உணவு ரத்தத்தில் எவ்வளவு வேகமாக குளுக்கோஸை ஏற்றுகிறது என்று அளக்கும் முறையை 1981-ல் கனடாவின் டொரன்டோவில் டாக்டர் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் வெளியிட்டார்கள். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்தால், நாம் காபியில் போடும் சர்க்கரைக்கு சுமார் 65. வெள்ளை பிரெட்டுக்கோ சுமார் 75! சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ் என்பதால் அது கொஞ்சம் பின்தங்குகிறது. நைஸாக அரைத்து வெந்த மைதா சீக்கிரமே குளுக்கோஸாகி விடுகிறது. அதற்காக சர்க்கரை நல்லது என்று அர்த்தமில்லை. இனிப்பை மட்டும் எடுத்துவிட்டால் பசி தள்ளிப் போய்விடாது, அவ்வளவுதான்!

வயிறு நிறைவது எப்படி?

இரைப்பை விரிய வேண்டும், உணவு மெதுவாகக் குடலுக்கு இறங்க வேண்டும். இதற்கு நார்ச்சத்தும் புரதமும் தண்ணீரும் வேண்டும். 1995-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில், 38 வகை உணவுகளை ஒரே அளவு கலோரிக்குக் கொடுத்து, இரண்டு மணி நேரம் பசியை அளந்தார்கள். வெள்ளை பிரெட்டுக்கு மதிப்பெண் 100. முழுக்கோதுமை பிரெட்டுக்கு 157, முட்டைக்கு 150, வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323! கொழுப்பும் இனிப்பும் சேர்ந்த கேக்குக்கு 65-தான்.

அப்படியானால் இனிப்புக்குப் பங்கே இல்லையா? உண்டு. மெத்தென்று, தித்திப்பாக இருப்பதை மெல்ல வேண்டிய வேலையே இல்லை. ‘போதும்’ என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் ரெண்டு பன் உள்ளே போய்விடும்!

‘சுகர் ஃப்ரீ’ என்றால்?

சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சுக்ரலோஸ் போன்றவற்றில் கலோரி இல்லை. ஆனால், மைதா அப்படியேதான் இருக்கிறது! ‘சர்க்கரை இல்லாத ரஸ்க்தானே’ என்று ஆறேழு சாப்பிட்டால் ரத்த சர்க்கரை ஏறவே செய்யும். எடை குறைக்க இந்தச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் ஆலோசனை கூறியது. (ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பவர்களை இந்த ஆலோசனையில் சேர்க்கவில்லை.)

முக்கியமான ஒரு எச்சரிக்கை: சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குத் திடீர்ப் பசியோடு வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் அதை வெறும் பசி என்று விட்டுவிடக் கூடாது. ரத்த சர்க்கரை இறங்கியிருக்கலாம். அப்போது ‘சுகர் ஃப்ரீ’ பண்டம் உதவாது. உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ குடிக்க வேண்டும். பிறகு டாக்டரிடம் சொல்லுங்கள்.

என்ன செய்யலாம்?

* உறையில் அச்சிட்ட பட்டியலைப் படியுங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் இருக்கும். முதல் பெயர் முழுக்கோதுமை மாவு என்றால் நல்லது. நிறத்தை நம்பாதீர்கள், கேரமல் சேர்த்தாலும் பிரெட் பழுப்பாகும்!

* டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், தேன்... எல்லாமே சர்க்கரையின் உறவினர்கள்தான்.

* ஜாமுக்குப் பதில் அவித்த முட்டை, சுண்டல், வேர்க்கடலைச் சட்னி, வெள்ளரி, தக்காளி வைத்துச் சாப்பிடுங்கள். நாலு துண்டு வேண்டாம், ரெண்டே போதும் என்றாகிவிடும்.

* காபியில் முக்கி விழுங்காமல், மென்று சாப்பிடுங்கள்.

காய்ச்சல்காரருக்குப் பாலும் பிரெட்டும் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். வாய்க்கு எதுவும் பிடிக்காத நேரத்தில் அது சரிதான். ஆனால், பள்ளிக்கு ஓடும் பிள்ளைக்கு வெறும் பிரெட் போதாது. கூட ஒரு முட்டையோ, ஒரு கை சுண்டலோ வையுங்கள். அடுத்த முறை பதினோரு மணிக்கு வயிறு கூப்பிடுகிறதா என்று பாருங்கள்!