நலிவுறு கடல் சூழல்மண்டலங்களும் ஆழ்கடல் மீன்பிடி மேலாண்மையும்

நலிவுறு கடல் சூழல்மண்டலம் என்பது மீன்பிடிக் கருவிகளால் எளிதில் சிதையக்கூடிய, மீண்டும் பழைய நிலையை அடைய மிக நீண்ட காலம் தேவைப்படும் கடலடி உயிரினத் தொகுதி ஆகும். குளிர்நீர்ப் பவளத் திட்டுகள், கடற்பஞ்சுத் திரள்கள், கடலடி மலைகளில் வாழும் உயிரினங்கள் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகளாகும்.

பாதிப்பு

அடிமட்ட இழுவை வலை, எடைமிக்க பலகைகளுடன் கடல்தரையை உரசிச் செல்கிறது. அப்போது மீனுடன் பவளமும் பஞ்சும் முறிந்து வருகின்றன. குளிரும் இரைக் குறைவும் உள்ள ஆழ்கடலில் உயிரினங்கள் மிக மெதுவாகவே வளர்கின்றன. ஹவாய் அருகே கிடைத்த ஒரு கரும்பவளத்தின் வயது 4,000 ஆண்டுகளுக்கு மேல் எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஆழ்கடலில் பிடிக்கப்படும் ஆரஞ்சு ரஃபி மீன் 100 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. எனவே சில மணி நேர இழுவையில் ஏற்படும் சேதம் பல தலைமுறைகளுக்கு நீடிக்கலாம்.

பன்னாட்டு விதிகள்

2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, 61/105 எண்ணுள்ள தீர்மானத்தின் மூலம் இத்தொகுதிகளைக் காக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. 2008இல் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு வழிகாட்டு நெறிகளை உருவாக்கியது. அரிதான தன்மை, சூழலில் ஆற்றும் பணி, எளிதில் முறியும் இயல்பு, மீள்வதைக் கடினமாக்கும் வாழ்க்கை முறை, சிக்கலான கட்டமைப்பு என ஐந்து அளவுகோல்களை அது தந்தது.

மேலாண்மை முறைகள்

1. பகுதி மூடல்: பவளம் அல்லது பஞ்சு மிகுந்த இடங்களில் அடிமட்ட மீன்பிடிப்பு தடை செய்யப்படுகிறது.
2. ஆழ வரம்பு: ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் தன் கடற்பகுதியில் 800 மீட்டருக்குக் கீழே அடிமட்ட இழுவையைத் தடை செய்தது.
3. விலகிச் செல்லும் விதி: வடகிழக்கு அட்லாண்டிக்கில் ஓர் இழுவையில் 30 கிலோவுக்கு மேல் உயிருள்ள பவளமோ 400 கிலோவுக்கு மேல் உயிருள்ள பஞ்சோ சிக்கினால், கப்பல் குறைந்தது 2 கடல் மைல் விலக வேண்டும்.

குறைபாடுகள்

விலகிச் செல்லும் விதி, சேதம் நேர்ந்த பிறகே செயல்படுகிறது. மேலும், முறிந்த துண்டுகள் பல வலைக்கண் வழியே நழுவிவிடுவதால், மேலே வரும் அளவு உண்மையான சேதத்தைக் காட்டாது. எனவே முன்கூட்டியே பகுதிகளை மூடுவதே கூடுதல் பாதுகாப்பு ஆகும். ஆனால் அதற்குக் கடல்தரையின் வரைபடம் தேவை. அதைத் தயாரிக்கச் செலவும் காலமும் ஆகும். மூடப்படும் இடத்தை நம்பியிருந்த மீனவர்களுக்கு வருவாய் இழப்பும் உண்டு. இதனால், ஏற்கெனவே மீன்பிடித்த இடங்களில் கட்டுப்பாட்டுடன் தொழிலைத் தொடரவிட்டு, புதிய இடங்களுக்கு முன்மதிப்பீட்டைக் கட்டாயமாக்கும் முறை பல கடற்பகுதிகளில் பின்பற்றப்படுகிறது.