டிராகுலா கோட்டையில் எங்கள் ஆச்சி

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, 'இதில் கேம்ஸ் ஓடுமா?' என்பதுதான். ஓடும். ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும், ரேம் கூடுதலாகப் போட வேண்டும் என்று கடைக்காரர் இழுக்க ஆரம்பித்தால், 'எனக்கு 1979-ல் வந்த கேம் போதும்' என்று சொல்லிப் பாருங்கள். அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

அந்த கேமின் பெயர் தி கவுண்ட். ரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுதான் வில்லன். இதில் படம் கிடையாது, சத்தம் கிடையாது, மவுஸுக்கு வேலையே கிடையாது. திரையில் எழுத்து வரும். நீங்கள் பதிலுக்கு இரண்டு வார்த்தை டைப் செய்து எண்டர் தட்ட வேண்டும். இந்த வகைக்கு டெக்ஸ்ட் அட்வெஞ்சர் என்று பெயர்.

இதை நான் எனக்காகத் தேடவில்லை. எங்கள் வீடு நாகர்கோவிலில். நான் வேலை பார்ப்பது திருவனந்தபுரத்தில், சனி ஞாயிறு ஊருக்கு வந்துவிடுவேன். ஆச்சிக்கு கண் அழுத்த நோயால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். 2025-ல் லோகா என்ற மலையாளப் படம் வந்ததல்லவா? நம்ம பார்வதிபுரம் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலியை ரத்தம் குடிக்கும் சூப்பர் ஹீரோயினாக ஆக்கிய படம். அதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். நீலி கதையை எங்களுக்கெல்லாம் சொல்லித் தந்ததே ஆச்சிதான். ஆனால் படம் முழுக்க அவர் காதில் விழுந்தது அடிதடி சத்தமும் மியூசிக்கும் மட்டும்தான். "ஏ மக்கா, இப்ப என்ன நடக்கு?" என்று நாலைந்து தடவை கேட்டார். நாங்களும் 'சும்மா இருங்க ஆச்சி, பெறவு சொல்லுதோம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். பிறகு அவர் கேட்கவில்லை. எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தோன்றியது இதுதான். எல்லாமே வார்த்தையில் நடக்கிற ஒரு கேம் இருந்தால், பார்வை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் அதில் வித்தியாசமே இருக்காதே!

இந்த கேம்கள் எப்படி வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வில் கிரவுதர் என்ற புரோகிராமர், குகைகளுக்குள் இறங்கிச் சுற்றுவதில் ஆர்வம் உள்ளவர். கென்டக்கியில் உள்ள மாமத் குகையை வைத்து 1970-களின் நடுவில் அட்வெஞ்சர் என்ற புரோகிராமை எழுதினார். டான் வுட்ஸ் என்பவர் 1977-ல் அதைப் பெரிதாக்கினார். அதைப் பார்த்து ஆசைப்பட்ட ஸ்காட் ஆடம்ஸ், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும்படி 1978-ல் அட்வெஞ்சர்லேண்டை எழுதி விற்றார். அவருடைய வரிசையில் 5-வது கேம்தான் தி கவுண்ட். அப்போது இருந்த டிஆர்எஸ்-80 என்ற கம்ப்யூட்டரில் 16 கேபி மெமரிக்குள் அடங்கிவிட்டது. உங்கள் மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோ அதைப் போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும்!

இப்போது விளையாடும் முறை. கார்கோயில் என்று ஓர் இலவச சாப்ட்வேர் இருக்கிறது. பல வகையான டெக்ஸ்ட் கேம் பைல்களைத் திறக்கும், ஸ்காட் ஆடம்ஸ் கேம்களும் அதில் ஓடும். அதை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். கேம் பைல், ஐஎப் ஆர்கைவ் என்ற இணையக் கிடங்கில் ஸ்காட் ஆடம்ஸ் பெயரில் உள்ள போல்டரில் கிடைக்கும். எனக்கு முதலில் திறக்கவில்லை. பைல் பெயரின் கடைசிப் பகுதியை 'டாட் சாகா' என்று ரீநேம் செய்தேன், திறந்துகொண்டது.

கேம் ஆரம்பிக்கும்போது நீங்கள் ஒரு பெரிய பித்தளைக் கட்டிலில் படுத்திருக்கிறீர்கள். இடம் டிரான்சில்வேனியா, டிராகுலாவின் கோட்டை. எழுந்திருக்க 'கெட் அப்' என்று டைப் செய்ய வேண்டும். போக வேண்டிய திசைக்கு 'கோ நார்த்', 'கோ ஈஸ்ட்'. கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க 'இன்வென்டரி'. பாதியில் சாப்பிடக் கூப்பிட்டால் 'சேவ் கேம்'. இவ்வளவுதான். ஒரு வினைச்சொல், ஒரு பெயர்ச்சொல். டைப்பிங் பழக ஆரம்பித்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்பது என் கருத்து. தப்பாக அடித்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. புரியவில்லை என்று கேமே ஒத்துக்கொள்ளும்.

நான் திரையில் வருவதைத் தமிழில் சொல்வேன், ஆச்சி என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார், நான் ஆங்கிலத்தில் டைப் செய்வேன். முதல் நாள் அவர் கொடுத்த கமாண்ட் 'வெத்தலை போடு'. கேமுக்குத் தெரியவில்லை. அடுத்தது 'வீட்டுக்காரனைக் கூப்பிடு'. அதுவும் தெரியவில்லை. "இவன் என்னத்தடே படிச்சிருக்கான்?" என்று கம்ப்யூட்டரைப் பற்றி விசாரித்தார்.

ஆனால் கேமுக்குள் பொழுது நகர்கிறது என்று புரிந்ததும் ஆள் மாறிவிட்டார். தி கவுண்ட்டின் விசேஷமே அதுதான். கோட்டைக்குள் நாட்கள் ஓடுகின்றன. சூரியன் இறங்கும், நமக்குத் தூக்கம் வரும், தூங்கும்போது டிராகுலா வருவான். வாசலில் மணி அடித்து தபாலில் பார்சல் வரும்! பேய்க் கோட்டைக்கு யாரப்பா பார்சல் அனுப்புகிறார்கள் என்று ஆச்சி சிரித்த சிரிப்பில் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். தூக்கம் வராமல் இருக்க மாத்திரை இருக்கிறது, பூண்டு இருக்கிறது, மரத்தால் ஆன கூடார முளை இருக்கிறது. எதற்கு எது என்று நான் யோசிக்கும் முன்பே ஆச்சி சொன்னார்: "பூண்டக் கையில வச்சுக்கிட்டு கெட. அது அவனுக்கு ஆவாது."

நாலு வார இறுதியில் இருபது தடவையாவது செத்திருப்போம். ஒவ்வொரு தடவையும் ஆச்சிக்கு எது எங்கே இருக்கிறது என்று மனப்பாடம். நான் நோட்டில் மேப் வரைந்து வைத்திருந்தேன், அவருக்கு அது தேவைப்படவில்லை. கட்டிலில் விரிப்பைக் கட்டி ஜன்னல் வழியாக இறங்கலாம் என்று கண்டுபிடித்ததும் அவர்தான். முடிவை இங்கே சொல்ல மாட்டேன், நீங்களே விளையாடுங்கள்.

கேம் முடிந்ததும் ஆச்சி கேட்டார்: "இது மாதிரி நம்ம நீலி கத உண்டா?"

தேடிப் பார்த்தேன், என் கண்ணில் படவில்லை. நாமே செய்தால் என்ன? ட்வைன் என்று ஓர் இலவச சாப்ட்வேர், கிறிஸ் கிளைமஸ் என்பவர் 2009-ல் வெளியிட்டது. இதற்கு புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. ஒரு பெட்டியைத் திறந்து கதையைத் தமிழிலேயே டைப் செய்ய வேண்டும். வாசகர் தேர்ந்தெடுக்க வேண்டிய வரியை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் [[இப்படி]] போட்டால் போதும், அது லிங்க் ஆகிவிடும், அடுத்த பெட்டியும் தானாக முளைக்கும். ஒரு எச்சரிக்கை! பிரவுசரில் ட்வைனைப் பயன்படுத்தினால் கதை அந்த பிரவுசருக்குள்தான் இருக்கும். ஹிஸ்டரியைச் சுத்தம் செய்கிறேன் என்று எல்லாவற்றையும் டிக் செய்து அழித்தால் கதையும் போய்விடும். முதல் மூன்று நாள் உழைப்பை நான் அப்படித்தான் இழந்தேன். தினமும் ஆர்கைவ் பைலாக ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

கேமைப் படித்துக் காட்ட என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரைப் போட்டேன். விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்வேஜ், அதில் ஸ்பீச் பகுதிக்குப் போய் தமிழ் குரலைச் சேர்க்கலாம். அந்தக் குரலுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பெயர் வள்ளுவர். பிறகு என்விடிஏவில் இன்சர்ட், கன்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி விண்டோஸ் ஒன்கோர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டவுடன் தொணதொணவென்று எல்லாவற்றையும் படிக்கும், பயப்படாதீர்கள். கன்ட்ரோல் கீயைத் தட்டினால் வாயை மூடும். லிங்க் மாற டேப், தேர்ந்தெடுக்க எண்டர். இந்த இரண்டு கீயிலும் ஒட்டும் பொட்டை ஒட்டிவிட்டேன். ஆச்சி விரலால் தடவிக் கண்டுபிடித்துக்கொள்வார்.

என் கேமின் ஆரம்பம் இது: வடசேரியிலிருந்து கடைசி பஸ், பார்வதிபுரத்தில் இறங்குகிறீர்கள், மொபைலில் சார்ஜ் 2 சதவீதம். கள்ளியங்காட்டு இருட்டில் ஒரு பெண் வந்து 'சுண்ணாம்பு இருக்கா?' என்கிறாள். லிங்குகள்: கையில் கொடு, பாக்குவெட்டி நுனியில் வைத்துக் கொடு, ஆன்லைனில் ஆர்டர் பண்ணு. ஆச்சி பாக்குவெட்டியைத் தேர்ந்தெடுத்தார், அது சரி. அப்படியே போய்க் கடைசியில் நீலியின் உச்சந்தலையில் இரும்பு ஆணி அடிக்கும் லிங்க் வரும். அடித்தால் ஜெயித்தீர்கள்.

ஆச்சி எண்டர் தட்டவில்லை. பொட்டின் மேலேயே விரலை வைத்திருந்தார்.

"நான் அமுக்க மாட்டேன்" என்றார். "அவளக் கொன்னவன் ஆருன்னு மொதல்ல எழுது."

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டில் பாடும் கதையில், நகைக்காகக் கள்ளிக்காட்டில் கொல்லப்பட்டவள் அவள். மடியில் தலை வைத்துத் தூங்கும்போது, நம்பிய ஆளே கொன்றான். 'கள்ளியே சாட்சி' என்று சொல்லிச் செத்தாள். அடுத்த பிறவியில் அவன் செட்டியாக வருகிறான். அவள் நீலியாக வந்து, கள்ளிக்கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'என் புருஷன் என்னைக் கைவிட்டுவிட்டான்' என்று எழுபது ஊர்ப் பெரியவர்களிடம் அழுகிறாள். நீலிக்கண்ணீர் என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கண்ணீர்தான். செட்டி எவ்வளவோ கதறியும் அவர்கள் கேட்கவில்லை. அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து, அவளோடு அனுப்பிவைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். வாக்குக் கொடுத்ததற்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

டிராகுலாவைக் குத்திக் கொல்வதில் ஆச்சிக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீலி அப்படியல்ல. முப்பந்தலில் இசக்கியம்மனாகக் கும்பிடுகிறவளை ஆணியடித்து நான் சிரிக்கச் சொல்கிறேன்! உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. காமெடி கேம் தானே, இதில் என்ன இருக்கிறது என்று வாதாடினேன். "சிரிக்கதுக்கு அந்த எழுவது பேரு இல்லியா?" என்றார்.

அதுதான் சரியாக வந்தது. இப்போது கேமில் நீங்கள் எழுபதாவது ஆள். மற்ற அறுபத்தொன்பது பேரும் ஏற்கெனவே தலையாட்டிவிட்டார்கள். நீங்கள் ஏதாவது கேள்வி கேட்கப் போனால் ஒருவர் 'சோறு ஆறுது, சீக்கிரம் முடியும்' என்கிறார். ஒருவர் தூங்குகிறார். இன்னொருவர் பிள்ளை அப்பாவைப் போலவே இருக்கிறது என்று சத்தியம் செய்கிறார், அது கள்ளிக்கொப்பு! இந்த இடத்தில் ஆச்சி ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறார். இந்தப் பெரியவர்களில் சிலருக்கு எங்கள் தெருக்காரர்களின் குணம் இருக்கிறது. யார் யார் என்று எழுதினால் நான் ஊருக்கு வர முடியாது.

போன வாரம் ஒரு லிங்க் கூடுதலாக வேண்டும் என்றார். எழுபது பேரும் ஆளாளுக்குப் பேசுகிறார்களே தவிர, சாட்சியை ஒருத்தனும் விசாரிக்கவில்லையாம். 'கள்ளியைக் கேள்' என்று ஒரு லிங்க் போட்டேன். கள்ளி என்ன சொல்லும் என்பதை ஆச்சி சொல்லச் சொல்ல டைப் செய்து வருகிறேன். பதினோரு பெட்டி ஆகிவிட்டது, இன்னும் முடியவில்லை.

வள்ளுவர் குரல் இதை அவசர அவசரமாக, மூச்சு விடாமல் படிக்கிறது. ஆச்சிக்கு அது மட்டும் பிடிக்கவில்லை. "மெதுவாச் சொல்லச் சொல்லுடே அவர. செத்தவ பேசுதா." வேகத்தைக் குறைக்கும் ஸ்லைடர் என்விடிஏ செட்டிங்ஸில் ஸ்பீச் பகுதியில் இருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது 30-ல் வைத்திருக்கிறோம்.