உணவுச் சுருக்கமும் உடல் வலிமையும்

உடலின் வலிமையைப் பெருக்க விரும்புவோனும், உடலின்கண் மிகுந்த கொழுப்பைக் குறைக்க விரும்புவோனும் பெரும்பாலும் ஒருவனே ஆகின்றான். இரும்புப் பளுவைத் தூக்கிப் பயின்று தோளும் தொடையும் திரண்ட இளைஞன், தன் வயிற்றின்மேற் படிந்துள்ள கொழுப்பைக் கண்டு உணவைச் சுருக்கத் தொடங்குகின்றான். வாரங்கள் சில செல்கின்றன. முன்னர் எட்டுமுறை எளிதில் உயர்த்திய பளு இப்பொழுது ஐந்தாம் முறையிலேயே அவன் கைகளைத் தாழ்த்துகின்றது. பல திங்கள் வருந்தி ஈட்டிய தசை அனைத்தும் கரைந்தொழிந்தது போலும் என்று அவன் மனம் வெதும்புகின்றான். அவ்வச்சத்தால் ஒருவன் உணவுச் சுருக்கத்தையே கைவிடுகின்றான். மற்றொருவன் பெரும்பளுவை விடுத்துச் சிறுபளுவைப் பன்முறை தூக்கித் தன்னை மேலும் களைப்பித்துக் கொள்கின்றான். இவ்விருவர் செயலும் பொருந்துமோ என்று ஆராயுமுன், வலிமை குறைந்தது என்னுமிடத்து உண்மையிற் குறைந்தது யாது என்பதனைத் தெளிதல் வேண்டும்.

அகல்விளக்கு ஒன்று மங்குமாயின் அதற்குக் காரணம் இரண்டு. எண்ணெய் குறைந்திருத்தல் ஒன்று. திரி தேய்ந்திருத்தல் மற்றொன்று. எண்ணெய் குறைந்ததாயின் வார்த்தவுடன் சுடர் நிமிரும். திரி தேய்ந்ததாயின் எத்துணை எண்ணெய் வார்ப்பினும் பழைய ஒளி வாராது. எண்ணெய் முற்றும் வற்றியபின் எரிவது திரியே என்பதும் யாவரும் கண்டறிந்தது. உணவைச் சுருக்கியவன் உடலிலும் இவையே நிகழ்கின்றன. ஈண்டு எண்ணெய் என்றது தசையினுட் சேமித்து வைக்கப்பட்டுள்ள மாச்சத்தை. திரி என்றது தசையையே.

முதற்கண் எண்ணெயின் இயல்பை நோக்குவாம். ஒருவன் பெரும்பளுவை ஒருமுறை உயர்த்துங்கால், அதற்கு வேண்டும் ஆற்றல், தசையினுள் முன்னரே அமைந்துள்ள கிரியாட்டின் பாஸ்பேட்டு முதலிய பொருள்களினின்றும் உடனே கிடைக்கின்றது. அச்சிறு சேமிப்பு ஏறத்தாழப் பத்து வினாடியிற் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதன்மேலும் உயர்த்துதலைத் தொடர வேண்டுமாயின், தசையானது தன்னகத்துள்ள கிளைக்கோஜன் என்னும் மாச்சத்தைச் சிதைத்து ஆற்றல் பெறுதல் வேண்டும். நன்றாக உண்ணும் இளைஞன் ஒருவனுடைய தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும், ஈரலில் ஏறத்தாழ 100 கிராமும் இச்சத்துச் சேமிப்பாக உள்ளது. இதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னோடு பிணித்து வைத்துள்ளது.

உணவைச் சுருக்குவோர் சோறு முதலிய மாவுணவையே முதலிற் குறைத்தலின், இச்சேமிப்பு விரைவில் இறங்குகின்றது. அதனோடு பிணைந்த நீரும் வெளியேறுகின்றது. முதல் வாரத்தில் எடைப்பொறி ஒன்றிரண்டு கிலோகிராம் குறைந்ததாகக் காட்டுதற்குப் பெரிதும் காரணம் இதுவே. ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றலை உடையது. ஆதலின், நாள் ஒன்றுக்கு 500 கலோரி குறைத்துண்பவன் ஒரு வாரத்தில் இழக்கக்கூடிய கொழுப்பு அரைக் கிலோகிராமை ஒட்டியதே. எடைப்பொறி காட்டிய எஞ்சிய குறைவு கொழுப்பும் அன்று, தசையும் அன்று, பெரும்பாலும் நீரே. அதனைக் கண்டு களித்தலும் வீண். அக்காலத்துப் பளு கனத்தலைக் கண்டு கலங்குதலும் வீண்.

இனி, குறைந்தது எண்ணெயோ திரியோ என்பதை அறியும் வழி யாது? மூன்று முறைக்குமேல் உயர்த்த இயலாத பெரும்பளு ஒன்றைத் தன் அளவுகோலாக ஒவ்வொருவனும் கொள்ளலாம். அப்பளு முன்போலவே எழுமாயின், ஆறாம் ஏழாம் முறைகளிலும், பின்வரும் சுற்றுகளிலும் மட்டுமே தளர்ச்சி தோன்றுமாயின், குறைந்தது எண்ணெயே என்று பெரும்பாலும் கொள்ளலாம். பயிற்சிக்குச் சில மணி நேரம் முன்னர்ச் சிறிது சோறோ கிழங்கோ பழமோ உண்பானாயின் அத்தளர்ச்சி பெரிதும் நீங்கும். அவ்வாறன்றி, நன்கு உண்டு உறங்கிய நாளினும் அப்பெரும்பளு எழாமல், வாரந்தோறும் மேன்மேலும் இறங்குமாயின், திரி எரியத் தொடங்கிற்று என்று ஐயுறுதல் வேண்டும்.

இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது குறைவு ஒன்றும் உண்டு. மல்லாந்து படுத்து மார்பினின்றும் பளுவை மேலே தள்ளும் பயிற்சியில், மார்பும் முதுகும் மெலிந்தவன் அத்தண்டினைச் சிறிது நெடிய தொலைவு தள்ளுதல் வேண்டும். தசை குறையாதிருப்பினும் அவனுக்கு அப்பளு முன்னினும் கடிதாகத் தோன்றும். அவனே கட்டையைப் பற்றித் தன் உடலை மேலே இழுக்கும் பயிற்சியில் முன்னினும் மிகுதியாக வல்லனாவான். சுமக்கும் உடல் இலேசாயிற்றன்றோ? 80 கிலோகிராம் எடையுள்ளவன் 100 கிலோகிராம் தூக்கினால், அது அவன் எடையில் ஒன்றேகால் மடங்கு. அவன் 72 கிலோகிராமுக்கு இறங்கி 95 கிலோகிராம் தூக்கினால், இரும்பின் கணக்கில் 5 கிலோகிராம் இழந்தவனேயாயினும், தன் எடையின் கணக்கில் ஒன்றேகால் மடங்கினும் மிகுதியாகவே தூக்குகின்றான். ஆகவே இரும்பின் எண் ஒன்றை மட்டும் நோக்கி இழப்பை அளத்தல் கூடாது.

திரி எரிதல் என்பது வெறுங்கற்பனை அன்று. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், பஞ்சத்தால் நலிந்த மக்களுக்கு எவ்வாறு மீண்டும் உணவளித்தல் வேண்டும் என்பதை அறியும்பொருட்டு, அமெரிக்க நாட்டு மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். மனச்சான்று பற்றிப் படைக்கலம் ஏந்த மறுத்த இளைஞருள் 36 பேர் தாமாகவே அதற்கு உடன்பட்டனர். 1945ஆம் ஆண்டில் 24 வாரங்கள் அவர்களுக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி அளவே உணவளிக்கப்பட்டது. அவ்வுணவு உருளைக்கிழங்கு, கோசு, ரொட்டி முதலியன நிரம்பியது, புரதம் குறைந்தது. அவர்கள் வாரந்தோறும் 22 மைல் நடந்தனர், பளுப்பயிற்சி செய்திலர். முடிவில் அவர்தம் உடலெடை நாலில் ஒரு பங்கு குறைந்தது. தசை மெலிந்து வலிமை தளர்ந்தது. வலிமையினும் மிகுதியாக, உழைப்பைத் தாங்கும் ஆற்றல் வீழ்ந்தது. மீண்டும் நன்றாக உண்ணத் தொடங்கிய பின்னரும், இழந்த தசை நிரம்புமுன்னரே கொழுப்பு வந்து நிரம்பிற்று. தசையை எரித்து மெலிந்தவன் மீண்டும் உண்ணுங்கால், தான் எதனைப் போக்க விரும்பினானோ அதனையே முதலிற் பெறுவான் என்னும் உண்மை இதனால் விளங்கும்.

ஆயின், உணவுச் சுருக்கம் எவ்வாறாயினும் இம்முடிவே எய்தும் என்று கொள்ளல் வேண்டா. 2016ஆம் ஆண்டில் கனடா நாட்டு மக்மாஸ்டர்ப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், கொழுப்பு மிக்க இளைஞர் 40 பேர் நான்கு வாரங்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் 40 விழுக்காடு குறைத்துண்டனர். அதனோடு வாரம் ஆறு நாள் பளுப்பயிற்சி உள்ளிட்ட கடும்பயிற்சியும் செய்தனர். உடலெடை ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாள்தோறும் 2.4 கிராம் புரதம் உண்ட பகுதியார் 4.8 கிலோகிராம் கொழுப்பை இழந்து, 1.2 கிலோகிராம் கொழுப்பற்ற உடலைப் பெற்றனர். 1.2 கிராம் உண்ட பகுதியார் 3.5 கிலோகிராம் கொழுப்பை இழந்தனர். அவர்தம் தசை வளராவிடினும் குறைந்திலது. இருதிறத்தாரும் வலிமையில் ஓங்கினரே அன்றித் தாழ்ந்திலர். இவ்வாராய்ச்சி நான்கு வாரமே நடந்தது என்பதும், இவர்கள் எரித்தற்கு மிகுந்த கொழுப்புடையார் என்பதும் உண்மையே. எனினும், பசியோடு பளுவும் புரதமும் சேர்ந்தவிடத்துத் திரி காக்கப்படுகின்றது என்பது இதனால் தெளிவாம்.

பளு எவ்வாறு தசையைக் காக்கும் எனிற் கூறுதும். பயன்படாத உறுப்பைப் பேணுதற்கு உடல் செலவு செய்வதில்லை. பெரும்பளு தசையை இழுத்து வருத்துந்தோறும், இத்தசை வேண்டப்படுகின்றது என்னும் அறிவிப்பு உடலுக்குக் கிடைக்கின்றது. காயமுற்ற போர்வீரருடைய தளர்ந்த தசைகளைத் தேற்றிய அமெரிக்கப் படை மருத்துவர் தாமஸ் டிலார்ம் என்பார், பெரும்பளுவைச் சிலமுறை உயர்த்தல் வலிமையையும், சிறுபளுவைப் பன்முறை உயர்த்தல் தாங்கும் ஆற்றலையும் வளர்க்கும் என்று 1945ஆம் ஆண்டில் எழுதினார். ஆதலின் உணவைச் சுருக்கிய காலத்துப் பளுவைக் குறைத்து முறைகளைப் பெருக்குவோன் இரட்டைத் தவறு செய்கின்றான். தசையைக் காக்கும் அறிவிப்பை அவன் நிறுத்துகின்றான். குறைந்துள்ள எண்ணெயையும் மிகுதியாகச் செலவிடுகின்றான்.

அவன் செய்யத்தக்கது இதன் மறுதலை. தண்டின்மேலுள்ள பளுவை இயன்றவரை அவ்வாறே வைத்துச் சுற்றுகளைக் குறைத்தல் வேண்டும். 2011ஆம் ஆண்டில் அலபாமாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியில், 16 வாரங்கள் முழுப்பயிற்சி பெற்ற இளவயதினர், பின்னர் 32 வாரங்கள் அதில் ஒன்பதில் ஒரு பங்கே செய்தும், பெற்ற வலிமையைப் பெரிதும் இழந்திலர். அவர்கள் உணவைச் சுருக்கியவர் அல்லராதலின், அவ்வளவு குறைத்தல் நமக்கு வேண்டா. ஆயினும், ஈட்டுதற்கு வேண்டும் உழைப்பினும் காத்தற்கு வேண்டும் உழைப்பு மிகச் சிறிது என்பது தேற்றம். நான்கு சுற்றுச் செய்தவன் இரண்டோ மூன்றோ செய்து அமைதல் சாலும்.

எடையைக் குறைக்கும் வேகமும் கருதத்தக்கது. நார்வே நாட்டு விளையாட்டு வீரர் 24 பேரை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, வாரந்தோறும் உடலெடையில் 0.7 விழுக்காடு குறைத்தவர் பளுப்பயிற்சியால் கொழுப்பற்ற உடலைச் சிறிது பெருக்கினர், 1.4 விழுக்காடு குறைத்தவர் அவ்வாறு பெருக்கிலர். 70 கிலோகிராம் எடையுள்ளவனுக்கு முன்னையது வாரம் ஏறத்தாழ அரைக் கிலோகிராம் ஆகும். இதனினும் விரைய விரும்பி நீரை வற்றச் செய்வார் உயிரையே பணயம் வைக்கின்றனர். 1997ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்லர் மூவர், போட்டிக்குரிய எடையை எய்தும்பொருட்டு உணவும் நீரும் குறைத்து, வெப்பத்தில் வியர்வை பெருகப் பயின்று, சில வாரங்களுக்குள் ஒருவர்பின் ஒருவராக உயிர் துறந்தனர். அதன்பின்னரே அந்நாட்டுக் கல்லூரிப் போட்டி விதிகள் திருத்தப்பட்டன. நம்மை ஒத்த மாணவர் மூவரின் உயிர் அவ்விதிகளுக்கு விலையாயிற்று.

உணவின்கண் நம்மவர் செய்யும் பிழை ஒன்றையும் ஈண்டுக் குறித்தல் தகும். சோற்றைப் பாதியாக்குவோர், அச்சோற்றொடு செல்லும் பருப்பையும் தயிரையும் தம்மை அறியாமலே பாதியாக்கி விடுகின்றனர். குறைக்கத்தக்கது சோறும் எண்ணெயும் இனிப்பும், குறைக்கத்தகாதது புரதம். உணவைச் சுருக்கிப் பளு தூக்குவோனுக்கு உடலெடை ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஒன்றரைக் கிராமுக்குக் குறையாத புரதம் நன்று. 60 கிலோகிராம் எடையுள்ளவனுக்கு இது 90 கிராம். கோழிமுட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராமும், சமைக்காத பருப்பு 100 கிராமில் 20 கிராமுக்குச் சிறிது மேலும், மீன் 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராமும் புரதம் உண்டு. கணக்கிட்டு நோக்கின், மாணவர் பலர் வேண்டும் அளவில் பாதியும் உண்பதில்லை என்பது புலனாகும். சிறுநீரக நோயுடையார் மட்டும் மருத்துவரைக் கேளாது புரதத்தை மிகுத்தல் ஆகாது.

உறக்கமும் ஒருவகை உணவே. 2010ஆம் ஆண்டில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் பதின்மரை ஆராய்ந்தனர். 14 நாள் ஒரே அளவாகக் குறைத்துண்ட அவர்கள், எட்டரை மணி நேரம் படுக்கையில் இருந்தபொழுது 1.4 கிலோகிராம் கொழுப்பை இழந்தனர். ஐந்தரை மணி நேரமே இருந்தபொழுது 0.6 கிலோகிராம் கொழுப்பையே இழந்தனர். எஞ்சிய இழப்புக் கொழுப்பற்ற உடலினின்றும் நேர்ந்தது. தேர்வுக்காலத்து இரவெல்லாம் விழித்துப் படிப்போர் அக்காலத்தில் உணவைச் சுருக்காதிருத்தல் நன்று.

நண்பர்காள்! உணவைச் சுருக்குதல் யாவர்க்கும் வேண்டுவதன்று. முன்னரே மெலிந்த உடலுடையோன், வயிற்றில் வரிகள் தோன்றல் வேண்டும் என்னும் விருப்பத்தால் மேலும் உண்ணாதிருப்பானாயின், அவனிடத்து எரிதற்குத் திரியையன்றி வேறு யாதுளது? வேண்டுவோர் பொறுமையுடன் சுருக்குக, பளுவைத் தாழ்த்தாது சுற்றைத் தாழ்த்துக, பருப்பைக் குறையாது சோற்றைக் குறைக்க, நன்றாக உறங்குக. இவ்வாறு ஒழுகியும் பெரும்பளு வாரந்தோறும் இறங்குமாயின், ஓரிரு வாரம் நிறைய உண்டு உடலைத் தேற்றிப் பின்னர்த் தொடங்குக. தலைச்சுற்றல், மயக்கம், நெஞ்சுத் துடிப்பு முதலியன தோன்றின் மருத்துவரை நாடுக. ஒரு திங்களிற் குறைத்தற்குரிய கொழுப்பை இரண்டு திங்களிற் குறைத்தலால் நாம் இழப்பது நாட்கள் சிலவே; ஆண்டுக் கணக்கில் ஈட்டிய வலிமையோ நம்மிடமே நிற்கும்.